கொல்லைப்புற மனிதனின் தாடை

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவரை எல்லாரும் 'மைக்' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை காணாமல் போய் அலுவலக நாற்காலியில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரே நிதானத்தில் சொல்லும் குரல் அவருக்கு. வீட்டிலும் அதே குரல்தான். "சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய தட்டு இன்னும் வந்து சேரவில்லை" என்று அறிவிப்பார். மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்து, "வண்டி பிரேக்டவுன். நடந்து வந்து எடுத்துக்குங்க" என்பாள்.

அந்த வாயில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. கீழ்த்தாடையின் இடது பாதியை எடுத்துவிட்டார்கள். முகம் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. பேச்சு குழைந்துபோய், வார்த்தை வர வேண்டிய இடத்தில் சத்தம் வந்தது. அது மனைவி ஒருத்திக்குத்தான் புரிந்தது. எப்படி என்று கேட்டால், "இத்தனை வருஷமா கேட்ட வாய்தானே" என்பாள். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலையாயிற்று.

கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டதால் கொல்லைப்புறத்தைத் தோண்ட பிளம்பர் வந்தார். மண்வெட்டியில் ஏதோ இடறியது. எடுத்துப் பார்த்தால் ஒரு கீழ்த்தாடை எலும்பு, பல்லெல்லாம் அப்படியே இருந்தது.

"ஆடோ நாயோ தெரியலம்மா. தூக்கிப் போட்டுடவா?"

நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் கையை நீட்டினார். குழாயடியில் கழுவி, தன் முகத்தில் சரிந்திருந்த பக்கத்தில் அதைப் பொருத்திப் பார்த்தார்.

"சீ, கீழ போடுங்க அதை!" என்று மனைவி கத்தினாள்.

அவர் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. வழிந்த எச்சிலை அவள் துண்டால் துடைத்துவிட்டாள்.

அந்த வாரமே அவருடைய அண்ணனும் அண்ணியும் பார்க்க வந்தார்கள். அண்ணன் துக்க வீட்டுக்கு வந்தவரைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி எலும்பை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"பயணிகளின் கவனத்திற்குன்னு சொல்றாரு. நம்ம வீட்டுக் கழிவுக் குழாய்க்கு அடியில ஆதி மனுஷன் கெடைச்சிருக்கானாம். பேரு கொல்லைப்புற மனிதன். பல்லெல்லாம் பத்திரமா இருக்கறதால, திங்கறதத் தவிர அவனுக்கு வேற வேலையே இருந்ததில்லன்னு ஆராய்ச்சியில தெரியுதாம். அப்புறம் பேசக் கத்துக்கிட்டானாம். அப்புறம்..." அவள் நிறுத்தினாள். "இதை நான் சொல்ல மாட்டேன்."

"என்னம்மா சொல்றான்?"

"கல்யாணம் ஆனதும் தாடைக்கு வேலை போச்சாம். மிச்சத்தை நான் பேசிக்கிட்டேனாம்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர் விடவில்லை.

"வேலையில்லாத உறுப்பு தேஞ்சு போயிடுமாம். அப்படித்தான் குரங்குக்கு வால் போச்சாம், இவருக்குப் பாதித் தாடை போச்சாம். பரிணாம வளர்ச்சியில இந்தக் குடும்பத்துலயே முன்னாடி போனது இவர்தானாம். நீங்க இன்னும் ரெண்டு பக்கமும் வெச்சுக்கிட்டு ரொம்பப் பின்தங்கி நிக்கறீங்களாம்."

அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், ஒரு கட்டத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன்பின் வந்த ஒவ்வொருவருக்கும் இந்தப் பிரசங்கம் நடந்தது. அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது. சில சமயம் அவருக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், அவர் முறைப்பார்.

அடுத்த ஸ்கேனில் புற்றுநோய் வலது பக்கத்திலும் தெரிந்தது. மீதித் தாடையையும் நாக்கையும் எடுத்தால் கொஞ்ச காலம் கூடக் கிடைக்கலாம், உறுதியில்லை என்றார் டாக்டர். வேண்டாமென்றால் வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். டாக்டருக்குப் புரியவில்லை.

"என்ன சொல்றாரும்மா?"

'போதும். இனிமே வெட்ட வேண்டாம். வீட்டுக்குப் போறேன்.' அவர் சொன்னது அதுதான். அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

"சரிங்கறாரு டாக்டர்," என்றாள். "ஆபரேஷன் பண்ணிடச் சொல்றாரு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் பேனா கிடந்தது. எழுதக்கூட வேண்டாம், இல்லை என்று தலையை ஆட்டினாலே போதும். அவள் ஸ்கேன் உறையின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள், அவர் பக்கம் திரும்பவேயில்லை. அவர் டாக்டரைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார். வீடு திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. சத்தமும் நின்றது. சாப்பாட்டை அரைத்து, வடிகட்டி, மூக்குக் குழாய் வழியாக ஊற்றினாள். வலி ராத்திரி பகல் பார்க்கவில்லை. அண்ணன் வந்தபோது ஜன்னல் விளிம்பில் இருந்த எலும்பை எடுத்து, "பயணிகளின் கவனத்திற்கு" என்று தானே ஆரம்பித்தார். மேலே வரவில்லை. வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்ச காலம் கிடைத்தது. பெரும்பாலும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே அது கழிந்தது. அவர் போய்ச்சேர்வதற்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு மத்தியானம் சாப்பாட்டை ஊற்றிக் குழாயை மூடிவிட்டு, அவள் பாத்திரத்தோடு கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட மாத்திச் சொன்னேனே. உங்கள விட மனசு வரலங்க. எனக்காகத்தான் சொன்னேன், உங்களுக்காக இல்ல." அவர் பக்கம் குனிந்தாள். "கோவமா?"

எழுதிக் காட்டும் சிலேட்டு தலைமாட்டில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. முழங்கையை ஊன்றி, மூச்சு வாங்க, சுவர்ப் பக்கமாக நகர்ந்தார். நகர்ந்ததில் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்தைக் கையால் தட்டினார்.

கழுவாத பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அவள் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் எழுந்து போகவில்லை.