தையல் பிரிக்கும் நாள்

வெண்ணந்தூர் பிரிவில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டியவர். என் பெரிய பெட்டியைப் பார்த்து, "எங்கீங்க பயணம்?" என்கிறார்.

சர்ஜரி மேற்படிப்பு படிக்கிறேன், பயிற்சிக்குத் தான்சானியா போகிறேன், அங்கே டாக்டர்கள் பற்றாக்குறை என்கிறேன். 'சேவை' என்று விண்ணப்பத்தில் எழுதிய அதே பெருமை குரலில் இருக்கிறது.

"நானும் அங்க ரிக்கு ஓட்டுனேனுங்க சாமி." வலது கையை நீட்டுகிறார். மூன்று விரல்கள் மடங்காமல் விறைத்து நிற்கின்றன. "இரும்புக் கொழா உழுந்து நசுங்கிருச்சுங்க. உங்களாட்டப் பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு டாக்டருதான் ஆபரேசன் பண்ணுனாரு. நல்லாத்தான் பண்ணுனாருங்க, போட்டோகூட எடுத்துக்கிட்டாரு. தையல் பிரிக்கப் போனா, அவரு ஊருக்குப் போயிட்டாருன்னாங்க. வெரல எப்ப மடக்கிப் பழகோணும்னு சொல்ல ஆளே இல்லீங்க."

தொட்டுப் பார்க்கிறேன். உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டு, கட்டைபோல இருக்கிறது.

"நீங்க எத்தன நாளைக்குங்க?"

"ஒரு மாசம்."

டீ கிளாஸை இடது கையால் எடுக்கிறார்.

"அப்ப கடைசி வாரத்துல யாரு கையிலயும் கத்தி வெச்சுராதீங்க சாமி."