சத்தமில்லாத வானும் அக்காவின் தேசிக்காயும்

போன மாதம் ஒரு காலையில் அத்தான் போன் எடுத்தார்.

"பிள்ளை, வான் ரெடி. பின்னேரம் ஒட்டுசுட்டானுக்கு வாரும். அக்காவை ஏத்திறது உம்மட பொறுப்பு."

வான் ரெடியாவது பெரிய விஷயமில்லை. அக்காவை ஏற்றுவது... அதுதான் விஷயம்.

டீசல் மணம் மூக்கில் பட்டால் போதும், என் அக்காவுக்குச் சத்தி வந்துவிடும். கிளிநொச்சியில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ்ஸில் வருவதென்றால் கையில் ஒரு தேசிக்காய், மடியில் வாந்தியெடுக்க ஒரு பை, வாயில் பிள்ளையார். அந்த எலுமிச்சை வாசத்தை மணந்து மணந்தே மாங்குளம் வரை வந்துவிடுவார். அதற்குப் பிறகு தேசிக்காயும் கைவிட்டுவிடும். கொஞ்சக் காலமாகக் கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொள்கிறார்.

அத்தான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் கடிதங்களை எல்லாம் உலகம் முழுக்க அனுப்பிவைத்தவருக்கு, ஒரு மணித்தியாலம்கூட ஆகாத தூரத்தில் இருக்கும் முல்லைத்தீவுக் கடலுக்குத் தன் மனைவியைக் கூட்டிப்போக முடியவில்லை. அது அவருக்குப் பெரிய குறை.

"அக்கா கடலைக் காணாதவாவே, அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சண்டை நேரம் ஓடிக்கொண்டு கண்டது கண்டதோ, பிள்ளை? இருந்து பாக்கோணும்."

அதனால்தான் இந்த வான். நெளுக்குளத்தில் கராஜ் வைத்திருக்கும் நசீர் நானா, அத்தானின் பழைய வானில் இருந்த டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பூட்டினார். விபத்தில் நொறுங்கிய ஒரு மின்சாரக் காரின் பற்றரி, கூரையில் சோலர் தட்டு, உள்ளே மடிக்கிற கட்டில், கரண்ட் அடுப்போடு ஒரு முழ நீளக் குசினி. பதிவு எடுக்கக் கந்தோர் கந்தோராக அத்தான் அலைந்தது தனிக் கதை.

"சேர், இது பூனை மாதிரிப் போகும். பக்கத்தில நிக்கிறவனுக்கும் தெரியாது" என்று நசீர் நானா சொன்னாராம். அத்தான் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அக்கா வானைச் சுற்றி வந்து பார்த்தார். குசினியைக் கண்டதும் நின்றார்.

"வீட்டில ஒரு குசினியில கிடந்து வேகிறது காணாதெண்டே வானுக்குள்ளயும் ஒண்டு?"

சரி... எனக்கும் வாய் சும்மா இருக்குமா? பத்தி எழுதுகிறவள் அல்லவா! அத்தானைக் கிண்டினேன். மழை நாளில் சோலர் தூங்கிவிட்டால் வீட்டுக் கரண்டில்தானே ஏற்ற வேண்டும்? அந்தக் கரண்டுக்கு எங்கேயோ நிலக்கரி எரிகிறதே — புகை இல்லாமல் போகவில்லை, நம் கண்ணுக்குத் தூரமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். பற்றரிக்குள் இருக்கிற சாமான்களை யாருடைய காணியைக் கிண்டி எடுத்தார்கள்? அது செத்த பிறகு எங்கே புதைப்பது?

அத்தான் கோபிக்கவில்லை. "நீர் சொல்லுறது சரி. ஆனா நான் புது வான் வாங்கேல்ல. கிடந்ததைத் திருத்தினனான். பற்றரியும் குப்பைக்குப் போக இருந்ததுதான். செத்தாப் பிறகு என்ன செய்யிறதெண்டு நசீர் நானாவுக்கும் தெரியேல்ல, எனக்கும் தெரியேல்ல. உமக்குத் தெரிஞ்சாச் சொல்லும்."

எனக்கும் தெரியவில்லை. இப்படி நேர்மையாகத் தோற்கிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

கடலுக்கு முன் ஒரு வெள்ளோட்டம். காட்டு றோட்டால் பக்கத்துக் குளம்வரை போய்த் திரும்புவது. அக்கா தேசிக்காயோடு முன்சீற்றில், நான் பின்னால். வான் நகர்ந்ததே தெரியவில்லை. மணம் இல்லை, குலுக்கம் இல்லை. குளக்கட்டில் ஒரு மீன்கொத்தியின் பக்கத்தாலேயே போனோம், அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... புது மாப்பிள்ளை! அக்கா தேசிக்காயை மூக்கில் இருந்து எடுத்து மடியில் வைத்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த வளைவில் யானை நின்றது.

றோட்டு நடுவில், எங்களுக்கு முதுகு காட்டியபடி, கொப்பு முறித்துக்கொண்டு. டீசல் வான் என்றால் யானை அரைக் கட்டை தூரத்திலேயே சத்தம் கேட்டு ஒதுங்கியிருக்கும். எங்கள் பூனை வாகனம் அதன் வாலடியில் போய்த்தான் நின்றது. யானை திடுக்கிட்டுத் திரும்பியது. காதை விரித்துப் பிளிறி இரண்டடி முன்னால் வந்தது. அத்தான் எப்படியோ றிவேர்ஸ் போட்டுவிட்டார்.

உடனே வான் பாடத் தொடங்கியது! பின்னால் போகும்போது மட்டும் பாட, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோவில் இருக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியை நசீர் நானா பூட்டியிருந்தார். முன்னால் போக ஊமை, பின்னால் போகத்தான் வாய். யானை அப்படியே நின்றது. காதை ஆட்டிக் கேட்டது. வான் தூரப் போகிறது என்பது விளங்கியதோ என்னவோ, காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டது. நாங்கள் பாடிக்கொண்டே நெடுந்தூரம் பின்னால் வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு வார்த்தைதான் சொன்னார். "இனி உதில ஏறமாட்டன்."

வான் மாமரத்தின் கீழ் படங்கு போர்த்துக்கொண்டு படுத்தது. இரண்டு கிழமை. அத்தான் காலையில் படங்கைத் தட்டுவார், சோலரைத் துடைப்பார், திரும்பப் போர்த்துவார். அதைப் பார்க்க மனம் பொறுக்காமல் அக்காவோடு கதைக்கப் போனேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. யானை எப்பவும் நிக்குமே?"

"ஆரடி பயந்தது? அதெல்லோ பயந்தது! அதின்ர கண்ணைக் கண்டனியே? கள்ளர் மாதிரிப் பின்னால போய் நிண்டிட்டம்." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "ஆற்றயும் வளவுக்க போறதெண்டால் படலையில நிண்டு 'வீட்டுக்காரர்' எண்டு கூப்பிடாமல் போவமே?"

போன வருடம் அக்கா வைத்த தென்னம்பிள்ளைகளில் ஒன்று மிச்சமில்லாமல் மிதித்துவிட்டுப் போனவையும் யானைகள்தான். அதை ஞாபகப்படுத்தினேன்.

"அதுகள் கூப்பிடாமல் வந்ததுகள்தான். அதுக்காக நாங்களும் அப்பிடியே போறது?"

புகை இல்லை, சத்தம் இல்லை என்று வாகனத்தைப் புகழ்கிறோம். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று நெஞ்சையும் நிமிர்த்துகிறோம். ஆனால் அந்தச் சூழலில் குடியிருக்கிறவருக்கு நாங்கள் வருகிறோம் என்று தெரிய வேண்டாமா? மீன்கொத்திக்குப் பிடித்த அதே அமைதி யானைக்கு ஆபத்து. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பஸ் ஏற முடியாத என் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று பின்னேரமே அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நேரே அக்காவிடம் போனார்.

"இஞ்சாரும், நசீர் நானாட்டச் சொல்லி முன்னாலயும் ஒரு பாட்டுப் பெட்டி பூட்டுவிக்கட்டே?"

"பெட்டி வேண்டாம். எனக்கு வாய் இருக்கு."

இந்த ஞாயிறு கடலுக்கு வெளிக்கிட்டோம். பெரிய றோட்டுத்தான், ஆனாலும் காடு நெருங்கும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அத்தான் வேகத்தைக் குறைக்க, அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, அடிவயிற்றில் இருந்து கூப்பிட்டார். "வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!" மோட்டார்சைக்கிளில் எதிரே வந்த ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றே விட்டார். நல்ல காலம், காட்டுக்குள் இருந்து ஒருவரும் "ஆரது?" என்று கேட்கவில்லை.

கடல் வந்தது. அத்தான் வானைத் திருப்பி, பின்கதவைக் கடல் பக்கமாகத் திறந்துவிட்டார். அக்கா கதவடியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். அத்தானும் பக்கத்தில் இருந்தார். நான் கொஞ்ச நேரம் மணலில் தனியாக நடந்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது வானுக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம். திட்டுவாங்கிய அந்தக் குசினியில் அக்கா பிளேன்ரீ போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுசுட்டானில் இருந்து ஒருமுறைகூட மணக்கப்படாமல் மடியிலேயே வந்த தேசிக்காயை இரண்டாக வெட்டி, மூன்று கோப்பைகளுக்கும் பிழிந்தார்.

பற்றரி செத்த பிறகு அதை என்ன செய்வது என்பதற்கு இன்னும் விடை இல்லை — தேசிக்காயை என்ன செய்வது என்பதற்குக் கிடைத்துவிட்டது.