எட்டாவது சுற்றில் விழுந்த துண்டு

செருப்பைக் கழற்றினார். முள் அசையவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அப்போதும் அசையவில்லை. சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். வாசல்வரை போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து மறுபடி ஏறினார். அழுக்குத் துணி மூட்டைகளை நிறுப்பதற்காக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வைத்திருக்கும் அந்தத் தராசு, சம்மட்டி என்று ஊரே கூப்பிடும் அவரை எழுபது கிலோ என்றே காட்டியது. "மூணு கிலோ கூட இருக்கு. நாளைக்குக் காலைல எடை பாக்கும்போது சரியா வந்துடுவேன்" என்று சொல்லி இறங்கினார். அவர் குத்துச்சண்டை மேடை ஏறுவதை விட்டுப் பதினேழு வருஷம் ஆகிறது. நாளைக் காலை எடை பார்க்க யாரும் வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

சலவைக்கூடத்தில் அவருக்குப் பிழிந்த துணியை உதறும் வேலை. நனைந்த போர்வை ஒன்று கல் கனம் கனக்கும். மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடித்து உதறுவதை அவர் ஒற்றை ஆளாக உதறுவார். உதறும் சத்தத்தில் காரிடாரில் போகிறவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினால் அன்றைக்கு முழுக்க அவருக்கு முகம் மலர்ந்திருக்கும். நாற்பத்தெட்டு வயது. மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கிறது. யார் கூப்பிட்டாலும் உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் முழுக்கத் திருப்பி, கோழி பார்ப்பதுபோல ஒரு பக்கமாகப் பார்ப்பார். தலைக்கனம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தலைக்கனமும் உண்டுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

'முன்னாள் சாம்பியன்' என்று யாராவது அறிமுகப்படுத்திவிட்டால் போச்சு. "அதென்ன முன்னாள்? பி.ஏ. படிச்சவனை முன்னாள் பி.ஏ.ன்னா கூப்பிடறீங்க? ஜெயிச்சது ஜெயிச்சதுதான்" என்று ஒரு பிடி பிடிப்பார்.

ஜெயித்தது உண்மை. பதினாறு வயதில் ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்கிக்கொண்டிருந்தவர், இருபத்து நாலு வயதில் தேசியப் பட்டத்தை இடுப்பில் கட்டினார். நாலு தடவை அதை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினார். அந்த வலது கையால்தான் சம்மட்டி என்ற பேரே வந்தது. அது பட்டு விழுந்த பதினொரு பேர் நடுவர் பத்து எண்ணி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "அவனுங்க எல்லாம் இன்னைக்கும் வீட்டுல அதைத்தான் பெருமையா சொல்லிட்டு இருப்பானுங்க, யார்கிட்ட அடி வாங்கினேன் தெரியுமான்னு" என்பார். கேட்கிற நமக்கே ஒருமுறை அடி வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும்.

அந்தக் காலம் முழுக்க அவருடைய மூலையில் நின்றது அவருடைய அக்கா. இதே ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் பிரிவில் நர்ஸ். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கிடைக்கிற ஒரே ஒரு நிமிஷத்தில் வெட்டுக்காயத்தை அழுத்தி, பஞ்சுக்குச்சியால் மருந்து வைத்து, வாசலின் தடவி, வீங்கின இடத்தில் ஐஸ் பையை ஒற்றி, வாயில் தண்ணீர் ஊற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். ஆம்பளைகளே தடுமாறுகிற வேலை. "எங்கக்கா விரல் பட்டா ரத்தமே பயந்து உள்ளே ஓடிடும்" என்று பட்டம் வாங்கின அன்றைக்கு நிருபர்களிடம் சொன்னார் சம்மட்டி. அதே வாய், ஐந்து வருஷம் கழித்து வேறொன்று சொன்னது.

ஐந்தாவது தடவை பட்டத்தைக் காப்பாற்ற நின்றபோது, பத்துச் சுற்றுப் போட்டியில் ஏழு முடிந்து புள்ளியில் அவர்தான் முன்னால் இருந்தார். எட்டாவது சுற்று தொடங்கி அரை நிமிஷம் ஆகவில்லை, அவருடைய மூலையிலிருந்து வெள்ளைத் துண்டு பறந்து வந்து மேடை நடுவில் விழுந்தது. மூலையில் இருப்பவர் துண்டை எறிந்தால் ஆட்டம் முடிந்தது, எதிராளி ஜெயித்தான் என்று அர்த்தம். எறிந்தது அக்கா. மறுநாள் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது: 'என் அக்காவே என்னை விற்றுவிட்டாள்: சாம்பியன் கதறல்.' அக்கா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் ஊரே நம்பியது. குத்துச்சண்டைச் சங்கம் அக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. அதன்பிறகு எந்த மேடையின் மூலையிலும் அக்கா நிற்கவில்லை.

நடந்தது என்ன என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு இடைவேளையிலும் அக்கா ஒரு சோதனை வைப்பார். தம்பியின் ஒரு கண்ணை ஐஸ் பையால் மூடிவிட்டு, மற்ற கண்ணுக்கு நேரே விரலைக் காட்டி "எத்தனை?" என்பார். பஞ்சுக்குச்சியைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இடுக்கியபடியே காட்டுவதால் எப்போதும் மூன்று விரல்தான் நிமிர்ந்து நிற்கும். அக்காவுக்கே அது தெரியாது. தம்பி கண்டுபிடித்துவிட்டார். அதற்கு முந்தைய இரண்டு போட்டிகளாகவே இடது கண்ணில் பார்வை மங்கி, அந்தப் பக்கம் திரை போட்டதுபோல ஆகிவிட்டிருந்தது. தெரிந்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்களே! அதனால் இடது கண்ணின் முறை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மாதிரி "மூணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஏழாவது சுற்று முடிந்த இடைவேளையில் பஞ்சுக்குச்சி கீழே விழுந்துவிட்டது. வாசலின் மூடியைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்த அக்கா, அந்தக் கையையே நீட்டி "எத்தனை?" என்றார். ஒரு விரலும் நிமிரவில்லை. "மூணுக்கா" என்றார் தம்பி. மணி அடித்துவிட்டது, அவர் எழுந்து ஓடிவிட்டார். எட்டாவது சுற்றில் எதிராளியின் வலது கை தம்பியின் இடப்பக்கமாக வந்தபோது அவர் இமைகூடக் கொட்டவில்லை. அதற்குமேல் அக்காவின் மனசு கேட்கவில்லை.

உடைமாற்றும் அறையில் அக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "என் கை மூடி இருந்துச்சுடா." அதைக் கேட்டுக்கொண்டு நேராக வெளியே போய்த்தான் அவர் நிருபர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னார். உண்மையை அக்கா சொல்லியிருந்தால் மறுநாளே தம்பியின் தொழில் போயிருக்கும். அதனால் பழியை மென்று விழுங்கிக்கொண்டார். அந்தத் தியாகமும் வீணாய்ப் போயிற்று. அடுத்த இரண்டு வருஷத்தில் மூன்று தோல்வி, குடி, நடுவர் முகத்தில் ஒரு குத்து, நாலு மாத ஜெயில் என்று எல்லாம் வரிசையாக வந்தன. மனைவி அவரை விட்டுப் போய்விட்டார். ஜெயில் வாசலில் வந்து நின்றது அக்கா மட்டும்தான். குடியை நிறுத்த வைத்ததும் சலவைக்கூடத்தில் சொல்லி வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறார்கள். துண்டைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

இந்த நிலையில்தான் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க ஓர் அம்மாள் வந்தார். பழைய பத்திரிகை நறுக்குகளை ஒரு பெட்டி நிறையச் சேர்த்துவைத்திருந்தார். எழுச்சியும் வீழ்ச்சியும் என்று இரண்டு பாகமாக யோசனையாம். "எழுச்சியை முதல்ல நல்லா எடுங்க மேடம். வீழ்ச்சியை எடுக்காட்டியும் ஜனங்களுக்குத் தெரியும்" என்றார் சம்மட்டி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, நாளைக்குப் பழைய பயிற்சிக்கூடத்தில் வைத்துத் துண்டு விஷயத்தைக் கேட்கப்போவதாகச் சொன்னார். சொந்த அக்காவே ஏமாற்றிய மாவீரன் என்றுதான் அவருடைய படமே நிற்கிறது.

இதற்கு ஒரு மாதம் முன்னால் கட்டுப்போடும் பிரிவில் ஒன்று நடந்தது. கையில் அடிபட்டு வந்த ஒரு பெரியவர், பழைய ரசிகர், அக்காவை அடையாளம் கண்டுகொண்டு கையை இழுத்துக்கொண்டார். "தம்பியை வித்த கையால எனக்குக் கட்டுப் போட வேண்டாம்மா." அக்கா போய் வேறொரு நர்ஸைக் கூட்டிவந்தார். அழுக்குத் துணி கொண்டுவந்த ஆயா இதைச் சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சம்மட்டி போர்வை உதறியதில் சத்தமே வரவில்லை.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மெதுவாகத் தொடங்கினார்.

"அக்கா, நாளைக்கு லீவு போடு."

"எதுக்கு?"

"படம் எடுக்கிற இடத்துக்கு வா."

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பழசைக் கிளறப் போறியா? வேண்டாம்டா. ஏற்கெனவே சொன்னதையே சொல்லிடு. எனக்கு அது பழகிப்போச்சு. இப்ப மாத்திச் சொன்னா கண்ணு தெரியாம ஏமாத்தினவன்னு உன்னைத்தான் காறித் துப்புவாங்க. மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதானே உனக்கு?"

"உனக்கு என்ன மிச்சம் இருக்கு?"

"எனக்கு நீ இருக்கியே, போதாதா? சாப்பிடு."

அவர் சாப்பிடவில்லை. ஆறு பட்டப் போட்டிகளில் பயப்படாத ஆள் கை பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பேரைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை என்பது நிஜம்தான். மூக்குமேல் கோபம் வருகிற மனுஷன், யாரிடமும் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்காத மனுஷன். அவரை அக்காவுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

மறுநாள் பயிற்சிக்கூடத்தில் மேடை நடுவே ஒரு நாற்காலி போட்டு, விளக்குகளை முகத்துக்கு நேரே வைத்தார்கள். அக்கா வந்திருந்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே, சுவரோரமாக நின்றார்.

"சார், உங்க அக்கா ஏன் அன்னைக்குத் துண்டை எறிஞ்சாங்க? யார் அவங்களை விலைக்கு வாங்கினது?"

சம்மட்டி தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் காமிராவைப் பார்த்தார். "யாரும் வாங்கல. எனக்கு இடது கண்ணு தெரியல. தெரியற மாதிரி அக்காவை ஏமாத்தினேன். கை மூடியிருக்கு, நான் மூணுன்னு சொல்றேன். அக்கா அன்னைக்குத் துண்டை எறியலைன்னா நான் செத்திருப்பேன். எங்கக்கா விக்கல மேடம். நான்தான் அவளை வித்தேன், பேப்பர்காரங்ககிட்ட."

காமிராவுக்குப் பின்னால் இருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் மெல்லச் சமாதானம் சொல்கிற தொனியில், "அப்போ அந்த நடுவரை அடிச்சீங்களே, அதுவும் கண்ணு தெரியாமதானா?" என்று கேட்டார்.

"அது கண்ணு இல்ல, குடி. அதைக் கண்ணு மேல போடாதீங்க."

"சார், யோசிச்சுக்குங்க. இது படத்துல வந்தா உங்களைப் பத்தி ஜனங்க..."

"பேசட்டும். பட்டத்தை ஜெயிச்சப்போ ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு. அது நியாயமா ஜெயிச்சது, அதுல கை வைக்க ஒருத்தராலும் முடியாது. மிச்சத்தை என்ன வேணா பண்ணிக்கட்டும்."

இதைச் சொல்லும்போது அவருடைய நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பட்டத்தோடு எடுத்த படங்களில்கூட அவர் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுவரோரம் நின்ற அக்கா கைப்பையைத் திறந்து ஏதோ தேடினார். தேடியது கிடைக்காமல், புறங்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்களும் மேடைக்கு வந்து தம்பி பக்கத்துல நில்லுங்களேன், ஒரு ஷாட் எடுத்துக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

"நான் எதுக்கு? இவனை எடுங்க. எனக்கு முட்டி வேற வலிக்குது, குனிய முடியாது" என்று அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

சம்மட்டி நாற்காலியை விட்டு எழுந்தார். மேடையின் ஓரத்துக்கு வந்தார். கீழ்க் கயிற்றை ஒரு காலால் மிதித்துத் தாழ்த்தினார். மேல் கயிற்றுக்கு அடியில் தோளைக் கொடுத்து முடிந்த மட்டும் உயர்த்தினார். சாம்பியன் மேடை ஏறும்போது அவனுடைய ஆட்கள் அப்படித்தான் வழி திறந்துவிடுவார்கள். கயிறு கழுத்தை அறுத்தது. அவர் அசையாமல், அக்கா படியேறி வந்து உள்ளே நுழைகிறவரை, அப்படியே குனிந்து நின்றார்.