நத்சுயோவின் இரண்டரை அடி வாள்

ஷின்ஜோ ஊரில் நகரப் பேருந்து ஓட்டும் நத்சுயோவுக்கு வயது ஐம்பத்து நான்கு. உயரம் நாலடி பத்து அங்குலம். அவளுடைய அண்ணன் ஆறடி. அவர் செண்டாய் நகருக்குக் குடிபோகும்போது, வேண்டாம் என்று விட்டுப்போன பயிற்சி வாளை எடுத்துக்கொண்டு எங்கள் வாள் உருவும் பயிற்சிக் கூடத்தில் வந்து சேர்ந்தாள்.

வாளின் அலகு மட்டும் இரண்டரை அடி. அவள் முழுக் கையையும் நீட்டினாலும் நுனி உறைக்குள்ளேயே இருக்கும். தோளை உயர்த்துவாள், நுனிக்காலில் எம்புவாள், கடைசியில் ஒரே இழுப்பு. உறையின் வாய் கீறி மரத்தூள் கொட்டும்.

"அக்கா, நீங்க வாள உருவறீங்களா, வாளு உங்கள உருவுதா?" என்பார், எங்களோடு பயிலும், டோஃபு என்ற சோயாக்கட்டி விற்கும் நிஹெய்.

"உன் டோஃபுவ வெட்ட இது போதும்டா."

எங்கள் ஆசிரியை அகட்சுமா பல் மருத்துவர். நத்சுயோவைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"பல்லு பிடுங்குற மாதிரி இழுக்காதீங்க. பல்லையே நான் அப்படிப் பிடுங்க மாட்டேன்" என்பார். "வலது கை சும்மா போகட்டும். இடது கையால உறையப் பின்னாடி வாங்குங்க, இடுப்பு கூடவே திரும்பணும். தொடக்கம் மெதுவா, வேகமெல்லாம் கடைசி நாலு விரக்கடையில."

"சரிங்க" என்பாள். மறுபடியும் ஒரே இழுப்பு. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. சின்ன வாள் வாங்கச் சொன்னால் மட்டும் முகம் சிவந்துவிடும்.

ஜூன் மாதம் தெண்டோ நகரில் முதல் நிலைத் தேர்வு. விடாத மழை. நிஹெய், நத்சுயோ, நான், மூவரும் ஒரே வரிசையில் மண்டியிட்டோம். எதிரே ஐந்து தேர்வாளர்கள்.

நிஹெய் மின்னல் மாதிரி உருவினார். நானும் உருவிவிட்டேன். நத்சுயோவின் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஈரத்தில் உறை ஊதி, வாளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்தால் உறையும் சேர்ந்தே வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இடது கட்டைவிரலால் கைப்பிடித் தகட்டை அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தாள். 'டுக்' என்று உறையின் வாய் பிடியை விட்டது. அப்புறமும் அலகு நத்தை மாதிரித்தான் நகர்ந்தது. வேறு வழியில்லாமல் உறையைப் பின்னுக்கு வாங்கினாள். இடுப்பு திரும்பியது, நெஞ்சு விரிந்தது. நுனி தானாகவே விடுபட்டு, 'விஷ்' என்று காற்றை அறுத்தது.

பிற்பகலில் தேறியவர்களின் எண்களை ஒட்டினார்கள். நத்சுயோ தேறியிருந்தாள். நானும் எப்படியோ தேறியிருந்தேன். நிஹெயின் எண் இல்லை.

தலைமைத் தேர்வாளர் அவளைத் தேடி வந்தார். "தொடக்கத்துல எவ்வளவு நிதானம்! எத்தனை வருஷப் பயிற்சிம்மா?"

"நிதானமெல்லாம் இல்லீங்க. வாளு வரல, அவ்வளவுதான்."

அவர் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது. அகட்சுமா கண்ணீர் வரச் சிரித்தார்.

திரும்பும் வழியில் ஜில்லென்ற கோழிச்சாற்றில் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டோம். நிஹெய் தன் கிண்ணத்தை வெறித்துக்கொண்டிருந்தார்.

"அந்த உறைய எனக்கு ஒரு மாசம் கடன் குடுங்கக்கா."

"தரமாட்டேன், போடா" என்று சொல்லி, தன் கிண்ணத்திலிருந்த கோழித்துண்டுகளை எல்லாம் எடுத்து அவருக்கு வைத்தாள்.