கிண்ணத்துக்கு முன்னால் நின்றவள்

துறைமுகத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். சும்மா வந்த பெயரா அது? மூடுபனி கடலை மறைத்துவிட்டால், வழிதவறிய படகு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். கரையோரம், இரண்டாள் உயரத்தில், உள்குழிந்த சிமெண்டுச் சுவர் ஒன்று கடலைப் பார்த்து நின்றது. எல்லோரும் அதைக் கிண்ணம் என்பார்கள். கடலில் எழும் சத்தம் அதில் பட்டு, முன்னால் ஓரிடத்தில் வந்து குவியும். அங்கே புனல் மாதிரி ஒரு குழல். அதிலிருந்து டாக்டர் மாட்டிக்கொள்வதுபோல இரண்டு ரப்பர் குழாய்கள் அவர் காதுக்கு வரும். குழலை அப்படி இப்படி நகர்த்தி, சத்தம் கணீரென்று விழும் இடத்தில் நிறுத்தி, அதன் அடித்தகட்டில் பொறித்திருக்கும் திசைக்குறியைப் பார்த்து டெலிபோனில் சொல்வார். மீட்புப் படகு கிளம்பிவிடும்.

அங்கே ஒரே ஒரு சட்டம்தான். அவர் கேட்கும்போது கரையில் யாரும் மூச்சுவிடக் கூடாது. துறைமுக அதிகாரியே ஒருமுறை தும்மிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட காதையும் கேலி பேச ஒருத்தன் இருந்தான். மனைவியின் தம்பி. தாயில்லாப் பிள்ளை, அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். மீன்பிடிப் படகில் வேலை. தெளிந்த நாளில் படகு கிண்ணத்துக்கு நேராக வந்தால் போதும், "யோவ் செவிட்டு மாமா! அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லு, மீனோட வர்றேன்!" என்று கத்துவான். ஊருக்குக் கேட்காது, இவருக்கு மட்டும் கேட்கும். வீட்டுக்குப் போனதும், "உன் தம்பி நடுக்கடல்ல நின்னு என் மானத்தை வாங்குறான்" என்பார்.

"உள்ளதைத்தானே சொன்னான்? நான் கூப்பிட்டு என்னிக்கு உங்களுக்குக் காது கேட்டிருக்கு?" என்பாள் அவள்.

இருவருக்கும் பிள்ளை இல்லை. அந்தத் தடியன்தான் பிள்ளை.

ஒரு காலையில் பனி திடுதிப்பென்று இறங்கியது. மற்ற படகெல்லாம் திரும்பிவிட்டன; அவனும் படகோட்டியும் போன படகைக் காணோம். அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். வந்தவள் கடலைப் பார்த்தாளா? இல்லை. குழலுக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தம்பி அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறான் என்பதுபோல அதைப் பார்த்து, "தம்பி! டேய் தம்பி!" என்று அடிவயிற்றிலிருந்து திரும்பத் திரும்பக் கத்தினாள்.

அவர் காது கிழிந்தது. "வாயை மூடுடி! நீ கத்தினா எனக்கு எப்படிக் கேக்கும்? உன் தம்பி வேணுமா, வேண்டாமா?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சிறிது நேரத்தில் குழலில் கேட்டது. "அக்கா... அக்கா..." பயத்தில் அழைக்கிறான் என்று நினைத்தார். பயப்படாதேடா, இதோ பிடித்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே குழலை நகர்த்தினார். திசை அச்சாக விழுந்தது. டெலிபோனில் சொன்னார். ஆனால் மீட்புப் படகு போய்ச் சேர்வதற்குள் அந்தப் படகு பாறையில் மோதிச் சிதறிவிட்டது. படகோட்டியை மட்டும்தான் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த படகோட்டி அவரிடம் தனியாகச் சொன்னான்.

"இன்ஜின் நின்னுபோச்சுண்ணே. துடுப்புதான் போட்டோம். ஆனா அக்கா குரல் பக்கத்து வீட்லேருந்து கூப்பிடுற மாதிரி அவ்வளவு தெளிவா வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டிருந்தோம். திடீர்னு நின்னுபோச்சு. 'அக்கா, கூப்பிடு அக்கா'ன்னு அவனும் கத்துறான், கத்துறான்... அப்புறம் எந்தப் பக்கம்னே தெரியலை."

பாழாய்ப்போன கிண்ணம்! கடலின் சத்தத்தைக் குவித்து அவரிடம் கொடுக்கிற அதே வளைவு, முன்னால் நின்று கத்தியவளின் குரலைக் குவித்துக் கடலுக்கு அனுப்பியிருக்கிறது. இத்தனை வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்தவருக்கு, அது கேட்கும் என்றுதான் தெரியும். கூப்பிடவும் செய்யும் என்று தோன்றவே இல்லை. வேறு யாருக்குத்தான் தோன்றியது? இருந்தும் என்ன பிரயோஜனம்! பையன் எங்கிருந்து கத்துகிறான் என்பதைப் பிடித்தவர், என்ன கேட்டுக் கத்துகிறான் என்பதைக் கோட்டை விட்டார். மனிதர் நொறுங்கிப்போனார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா" என்று வயதில் சின்னவனான அந்தப் படகோட்டியின் காலைப் பிடித்தார். அவனும் சொல்லவில்லை.

அவளோ பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "நான் பாவி, முன்னாடியே வாயை மூடியிருந்தா உங்களுக்குச் சீக்கிரம் கேட்டிருக்கும்" என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அவருக்குத் தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிவிடுவார்.

இப்போது அவர் வேலையில் இல்லை. ஆனாலும் பனி இறங்கிய காலைகளில் அவள் பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல் வைக்கிறாள். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, நாற்காலி போட்டு, அவரை உட்கார வைக்கிறாள்.

"ஏதாவது பேசேன்டி. சத்தமாப் பேசு. உன் தம்பியைக் கூப்பிடேன்" என்பார், கண்ணீர் வழிய.

அவள் உதட்டில் விரலை வைப்பாள். "உஷ்! யாராவது கத்திக்கிட்டு இருப்பாங்க. நான் பேசலை, நீங்க கேளுங்க."