காற்று போதுமா?

காலை 10.40. பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் கண்ணில் படுவது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைமேல் பாரத்துக்கு வைத்த பழைய டயர்கள். மேட்டில், காற்றாலை அமைக்கும் முன் காற்றை அளக்கும் உயரமான கம்பம். அளப்பதற்குத் தடையென்று, லயத்தைக் காற்றிலிருந்து மறைத்து நின்ற சவுக்கு மரங்களை வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டைகளுக்கு நடுவே 'இயற்கையைக் காப்போம்' என்று ஒரு பலகை.

கொழுந்துக் கூடையோடு வரும் புஷ்பம், கம்பத்தடியில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பொறியியலாளரிடம் கேட்கிறார்: "இன்னும் எத்தன நாளைக்குங்கய்யா அளப்பீங்க?"

"ஒரு வருசம். காத்துப் போதுமோ எண்டு பாக்கவேணும்."

"மரத்த வெட்டுன பொறகு எங்க கூரை ரெண்டு தடவ பறந்திருச்சு. அத எழுதிக்கங்களேன்."

"அது அறிக்கையிலை வராதம்மா. தோட்ட நிர்வாகத்திட்டக் கேளுங்கோ."

"கேட்டோங்க. காத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னுட்டாங்க."

கம்பத்தை நான்கு புறமும் உருக்குக் கம்பிகளால் கொங்கிரீட்டில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். புஷ்பத்தின் கூரைமேல் ஏழு டயர்கள் இருக்கின்றன.