அகலத் திறந்த முதல் பிளவு

இரண்டு சவர பிளேடுகளை ஒட்ட வைத்து நூலால் இறுகக் கட்டியிருந்தார் அக்கா. கண்ணாடித் துண்டில் மண்ணெண்ணெய் விளக்கின் கரியை ஏற்றி, அந்த ஜோடி பிளேடால் ஒரே இழுப்பு. கரியில் மயிரிழை போல இரண்டு கோடுகள் விழ வேண்டும். ஏழு கண்ணாடிகள் வீணாகி, எட்டாவதில் கோணாமல் விழுந்தபோது, "இப்போ பாருடி, கம்பெனிக்காரன் தோத்தான்" என்று என் தோளில் தட்டினார்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரை அடுத்த ஒரு பள்ளியில் நாங்கள் இருவரும் அறிவியல் ஆசிரியைகள். புரோத்ராபூரில் ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே அடுப்பு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் நான் கஞ்சி வைப்பேன்; எனக்கு வீட்டு நினைப்பு வந்தால் அவர் திட்டுவார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வருடம் சென்னையில் ஓராண்டுப் பயிற்சிக்கு எங்கள் இருவரில் ஒருவரை அனுப்புவதாக உத்தரவு வந்தது. கப்பலில் வரும் அதிகாரி எங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார். எனக்கு அந்த இடம் வேண்டியதற்கு ஒரே காரணம் அம்மா. தாம்பரத்தில் தம்பி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கண்ணும் போய்விட்டது, நினைவும் தப்பித் தப்பி வருகிறது என்று தம்பி எழுதியிருந்தான். "நீதான் போகணும். எனக்கு எதுக்குடி மேன்லேண்ட்?" என்று அக்காவே சொன்னார்.

ஒளியின் குறுக்கீட்டைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். கரியில் கீறிய அந்த இரண்டு பிளவுகளின் வழியே வரும் ஒளி ஒன்றுசேர்ந்து, வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறி வரிகள் போட வேண்டும். சோடிய விளக்கு கப்பலிலேயே உடைந்து வந்திருந்ததால், ஸ்பிரிட் விளக்கின் சுடரில் உப்பைத் தூவினோம். நல்ல மஞ்சள் கிடைத்தது. பெரிய புத்திசாலிகள் போல முதலில் பிளவுக்கு ஒன்றாக இரண்டு விளக்கு வைத்தோம். ஒரு வரியும் தெரியவில்லை. தனித்தனிச் சுடர்களின் அலைகள் ஒன்றுக்கொன்று இசைந்து வருவதில்லை. ஒரே சுடரின் ஒளி முதலில் ஓர் ஒற்றைப் பிளவின் வழியே வந்து, அதன் பிறகே இரண்டாகப் பிரிய வேண்டும். அந்த முதல் பிளவும் மிகக் குறுகலாக இருக்க வேண்டும். அதைத் திறந்தால் வெளிச்சம் கூடும், ஆனால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடும். பத்து நாள் மல்லுக்கட்டி இதைக் கண்டுகொண்டு, நோட்டில் எழுதி வைத்தோம்.

அதிகாரி வந்தார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. லென்ஸில் கண்ணை வைத்தவர் நிமிர்ந்து, "லைன் கஹாங் ஹை, டீச்சர்?" என்றார். கோடு எங்கே என்கிறார். நான் குனிந்து பார்த்தேன். வெறும் மஞ்சள். கண்ணாடியை மாற்றினேன், உப்பை அள்ளிப் போட்டேன், மணி அடித்துவிட்டது. முதல் பிளவைப் பார்க்கத் தோன்றவே இல்லை. முந்தின நாள் மாலை நானே சரிசெய்து வைத்தது அது. அடுத்த பீரியடில் அக்கா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து எதிரொளிப்பு நடத்தினார். இடம் அவருக்குக் கிடைத்தது.

சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன். முதல் பிளவில் ஓர் அரிசி நுழையும் போலிருந்தது. வீட்டில் கேட்டேன்.

"ஆமா, காலைல நான்தான் திறந்தேன். வெளிச்சம் பத்தலையேன்னு பார்த்தேன். சாஹிப் கண்ணுக்கு நல்லாத் தெரியட்டும்னுதான்டி" என்றார். தாளிப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு நாள் அதை நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது. மூன்றாம் நாள் நோட்டைப் புரட்டினேன். 'முதல் பிளவைத் திறக்கவே கூடாது' என்று இரண்டு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது, அக்காவின் கையெழுத்தில். ஆனாலும் சண்டை போடவில்லை. கப்பல் கிளம்பிய அன்று துறைமுக ஜெட்டிக்குப் போய்க் கையசைத்தேன். அதற்காக இன்றுவரை என்மேலேயே எனக்குக் கோபம்.

மூன்று மாதத்தில், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தம்பியின் தந்தி வந்தது. அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது அக்காவின் கடிதம் காத்திருந்தது.

"அம்மாவைப் போய்ப் பார்த்தேன். என் கையைத் தடவி, வந்துட்டியான்னு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லலை. கடைசிவரைக்கும் நீன்னே நினைச்சாங்க. நிம்மதியாப் போனாங்கடி."

இப்போது போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் மகளோடு இருக்கிறேன். போன வாரம் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "பெரிய மனசும்மா அவங்களுக்கு" என்றாள் மகள். நான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தேன். என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டபோது, "ம்" கொட்டியது அக்கா.